சதுரம் செவ்வகமா? ஊர் சுற்றிய ஒரு கேள்வி

மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், நாற்கரங்கள் பற்றிய பாடத்தில், நெடுங்காலம் ஒரு சரியா–தவறா பயிற்சி இருந்தது. செவ்வகங்கள் எல்லாம் சதுரங்களா, சதுரங்கள் எல்லாம் சாய்சதுரங்களாகவும் செவ்வகங்களாகவும் இருக்குமா என்று வரிசையாகக் கேட்கும். முதல் கேள்விக்குத் 'தவறு' என்று எழுத எந்தப் பிள்ளையும் தயங்குவதில்லை. அடுத்ததற்குச் 'சரி' என்று எழுதும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் கிளம்பும். சதுரம் சதுரம்தானே, அதைப் போய் யாராவது செவ்வகம் என்பார்களா என்பார் அப்பா. நான்கு கோணமும் செங்கோணமாக இருந்தால் போதும், வேறென்ன வேண்டும் என்பாள் மகள். அப்பாவின் பக்கம் சாட்சாத் யூக்ளிடே நிற்கிறார் என்பது மகளுக்குத் தெரியாது. சில பக்கங்கள் தள்ளி அதே யூக்ளிட் அப்பாவைக் கைவிட்டுவிடுகிறார் என்பது அப்பாவுக்கும் தெரியாது.

இந்தச் சண்டைக்கு வயது 2,300 ஆண்டுகளுக்கும் மேல். தென் இத்தாலியில் கூடி வாழ்ந்த பிதாகரஸின் சீடர்கள் உலகத்தைப் பத்து எதிரெதிர் இணைகளாகப் பிரித்தார்கள் என்று அரிஸ்டாட்டில் தம்முடைய 'மெட்டாபிசிக்ஸ்' நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஒற்றை–இரட்டை, வலம்–இடம், ஒளி–இருள், நன்மை–தீமை என்று போகும் அந்தப் பட்டியலின் பத்தாவது இணை எது தெரியுமா? சதுரம்–நீள்சதுரம். ஒளிக்கு இருள் எப்படியோ, சதுரத்துக்குச் செவ்வகம் அப்படி!

கேலிக்கூத்தாகத் தெரிந்தாலும் அவர்களிடம் கணக்கு இருந்தது. கூழாங்கற்களை அடுக்கி எண்களைப் பார்த்தவர்கள் அவர்கள். 1, 3, 5, 7 என ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16 வரும்; அடுக்கும் எப்போதும் சதுரமாகவே வளரும். 2, 4, 6 என இரட்டை எண்களைக் கூட்டினால் 2, 6, 12 வரும். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு என்று ஒவ்வொரு முறையும் வேறொரு செவ்வகம். சதுரம் நிலையானது, செவ்வகம் அலைபாய்வது. ஆகவே ஒன்று நல்லவர் பட்டியலில், மற்றது எதிர்ப்பட்டியலில். இந்த மனநிலையில் வளர்ந்தவரிடம் போய்ச் சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்றால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

கி.மு. 300ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் 'எலிமென்ட்ஸ்' நூலைத் தொகுத்தபோது இந்தப் பழைய பிரிவினை அதில் அப்படியே ஏறியது. முதல் புத்தகத்தின் 22ஆம் வரையறை நாற்கரங்களைக் கறாராகப் பங்கு போடுகிறது. பக்கங்கள் சமம், கோணங்களும் செங்கோணம் என்றால் சதுரம். கோணங்கள் செங்கோணமாக இருந்து பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் நீள்சதுரம். பக்கங்கள் சமமாக இருந்து கோணங்கள் செங்கோணமாக இல்லாவிட்டால் சாய்சதுரம். எதிர்ப்பக்கங்களும் எதிர்க்கோணங்களும் மட்டும் சமமாக இருந்தால் சாய்சதுரம் போன்றது. மற்ற எல்லாவற்றுக்கும் 'டிரபீசியா' என்று ஒரே மூட்டை. ஒரு வடிவத்துக்கு ஒரு வீடுதான். இரண்டு வீட்டில் பெயர் பதிய முடியாது. முக்கோணத்திலும் இதே கெடுபிடி. இரண்டு பக்கங்கள் மட்டும் சமமாக இருந்தால்தான் அவருக்கு இருசமபக்க முக்கோணம். மூன்றும் சமமானால் அது வேறு சாதி.

இவ்வளவு கறாராகப் பிரித்த மனிதர் அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் வேடிக்கை. 'நீள்சதுரம்' என்று வரையறுத்தாரே, அந்தச் சொல்லையும் சாய்சதுரத்தையும் நூலில் அதற்குப் பிறகு அவர் பயன்படுத்தவே இல்லை. வேலைக்கு அவர் எடுத்துக்கொண்டது இணைகரத்தை. அதை அந்த 22ஆம் வரையறையில் குறிப்பிடவே இல்லை. முதல் புத்தகத்தின் 46ஆம் தேற்றத்தில் ஒரு கோட்டின் மேல் சதுரம் வரைந்து காட்டுகிறார். பாதி வேலையில், ஆகவே இது ஓர் இணைகரம் என்று எழுதி, இணைகரத்தின் பண்புகளைச் சதுரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த தேற்றம், உலகப் புகழ்பெற்ற 47. பிதாகரஸ் தேற்றத்தின் நிரூபணத்தில், இணைகரங்களுக்கென்று தாம் முன்பே நிரூபித்ததைச் சதுரத்தின் மேல் சங்கடமே இல்லாமல் பிரயோகிக்கிறார். நான்காம் புத்தகத்தில் வட்டத்துக்குள் அறுகோணம் வரையும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறார். சமபக்க முக்கோணத்தின் கோணங்கள் ஏன் சமம் என்பதற்கு அவர் தரும் காரணம், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்பது. தாமே வேறு சாதி என்று ஒதுக்கிய முக்கோணத்துக்கு இருசமபக்க முக்கோணத்தின் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டார்.

பெயர் சூட்டும்போது ஒதுக்குவது, நிரூபிக்கும்போது சேர்த்துக்கொள்வது: யூக்ளிடிடம் இரண்டு பழக்கமும் இருந்தன. பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதே காலகட்டத்தில் எகிப்தில், கோணத்தைப் பற்றிய கவலையே இல்லாத ஒரு கூட்டம் நிலம் அளந்துகொண்டிருந்தது. நைல் கரையில் எட்ஃபூ கோயிலின் சுவரில், கோயிலுக்குத் தானமான நிலங்களின் அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, இரண்டு பாதிகளையும் பெருக்கு, பரப்பு வந்துவிடும். செவ்வகத்துக்கு இது துல்லியம், மற்றவற்றுக்கு ஏறத்தாழ. முக்கோண வயல் வந்தால்? நான்காவது பக்கம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு அதே விதியைப் போட்டார்கள்! அந்தக் கணக்கர்களுக்கு முக்கோணமும் ஒரு நாற்கரம்தான், ஒரு பக்கம் காணாமல் போன நாற்கரம். 3, 4, 5 பக்கமுள்ள வயலில் 3க்கு எதிரே அந்த 'ஒன்றுமில்லை' நின்றால் இந்த முறையில் 6.75 வரும், சரியான விடை 6. கூடுதல் முக்கால் யாருக்கு லாபம் என்பது கோயில் கணக்கருக்குத்தான் வெளிச்சம்.

கி.பி. 628இல் பின்மாலைச் சேர்ந்த பிரம்மகுப்தர் தம் சித்தாந்தத்தில் இதே கரடுமுரடான விதியை முக்கோணத்துக்கும் நாற்கரத்துக்கும் பொதுவாகச் சொல்லி, அது தோராயம் என்றும் தெளிவுபடுத்தினார். கையோடு துல்லியமான விதியையும் கொடுத்தார். சுற்றளவில் பாதியை எடுத்து, அதிலிருந்து நான்கு பக்கங்களையும் தனித்தனியாகக் கழித்து, நான்கு மீதிகளையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 3, 4, 5, 0 என்று போட்டால் பாதிச் சுற்றளவு 6, மீதிகள் 3, 2, 1, 6, பெருக்கினால் 36, வர்க்கமூலம் 6. முக்கோணத்தை நாற்கரத்தின் குடும்ப அட்டையில் சேர்த்ததற்கு உடனடிப் பலன்! ஆனால் நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்குத்தான் இந்தச் சூத்திரம் சரியாக வரும். அதை மறந்துவிட்டு எல்லா நாற்கரத்துக்கும் போட்டவர்கள் உண்டு.

அவர்கள் மேல் 1150 வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் பாய்ந்தார். மூலைவிட்டத்தையோ செங்குத்துயரத்தையோ சொல்லாமல் வெறும் நான்கு பக்கங்களைக் கொடுத்துப் பரப்பு கேட்பவன் பிசாசு, அதற்கு விடை சொல்லப் புறப்படுபவன் அதைவிடப் பெரிய பிசாசு என்ற பொருளில் 'லீலாவதி'யிலேயே திட்டிவிட்டார். திட்டிய கையோடு எடுத்துக்காட்டும் தந்தார். நான்கு பக்கமும் 25 உள்ள உருவம் ஒன்று. மூலைவிட்டங்கள் 30, 40 என்றால் பரப்பு 600. அவை 14, 48 என்றால் 336. இரண்டு மூலைவிட்டமும் சமம் என்றால் 625. யூக்ளிட் இதில் முதல் இரண்டுக்கும் ஒரு பெயர், மூன்றாவதற்கு வேறு பெயர் என்பார். பாஸ்கரருக்கு எல்லாமே சமமான நான்கு புயங்கள் கொண்ட ஒரே இனம். மூலைவிட்டம் நீள்கிறது, குறுகுகிறது; ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகி அந்த இனத்துக்குள்ளேயே சதுரம் எட்டிப் பார்க்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

இந்தியாவிலும் எல்லோரும் சேர்க்கும் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷரின் காலத்தில் சமணக் கணிதர் மகாவீரர் எழுதிய 'கணித சார சங்கிரகம்' நாற்கரங்களைச் சம பக்கங்களின் எண்ணிக்கையை வைத்து ஐந்தாகப் பிரிக்கிறது: நான்கும் சமம், இரண்டிரண்டாகச் சமம், மூன்று சமம், இரண்டு சமம், எதுவுமே சமமில்லை. அந்த நூல் அச்சேறியது நம் சென்னையில். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார் சுவடிகளிலிருந்து பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் வெளியிட்டார்.

மறுபடி கிரேக்கர்களிடம் வருவோம். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் பள்ளி நடத்திய பொசிடோனியஸ் ஒரு தத்துவவாதி; ரோமானியப் பேச்சாளர் சிசரோ அங்கே போய் அவரிடம் பாடம் கேட்டிருக்கிறார். அவர் யூக்ளிடின் ஐந்து வீடுகளையும் இடித்துவிட்டு ஒரு வம்சவிருட்சம் வரைந்தார். நாற்கரம் முதலில் இணைகரம், மற்றவை என இரண்டாகக் கிளைக்கும். இணைகரத்தில் செங்கோணம் உள்ள கிளை, இல்லாத கிளை. செங்கோணக் கிளையில் சதுரமும் நீள்சதுரமும் உடன்பிறப்புகள். இன்னொரு பக்கம், இரண்டு பக்கங்கள் மட்டும் இணையாக இருந்தால் டிரபீசியம், எதுவும் இணையாக இல்லாவிட்டால் டிரபீசாய்ட். ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் இதைக் குறித்து வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. அந்தக் கடைசி இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1,300 ஆண்டுகள் கழித்து ஒருவர் அவற்றைத் தலைகீழாக்கப் போகிறார்.

இதற்கிடையில் யூக்ளிடின் நூல் பட்ட பாடு தனிக்கதை. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊர்க் குப்பைமேட்டை 1896–97இல் கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தோண்டியபோது, கி.பி. 100ஐ ஒட்டிய ஒரு பாப்பிரஸ் கிழிசல் கிடைத்தது. படத்தோடு கூடிய யூக்ளிட் பக்கம்! இரண்டாம் புத்தகத்தின் ஐந்தாம் தேற்றம். ஒரு கோட்டைச் சமமாகவும் சமமில்லாமலும் வெட்டினால் கிடைக்கும் செவ்வகத்துக்கும் சதுரங்களுக்கும் உள்ள உறவைச் சொல்வது அது. கோடு 10 என்றால், 7க்கு 3 செவ்வகம் 21. அதோடு 2இன் சதுரம் 4 சேர்ந்தால் 5இன் சதுரம் 25. வெட்டும் இடத்தை நடுவை நோக்கி நகர்த்திப் பாருங்கள், செவ்வகம் மெல்ல மெல்லச் சதுரமாகிவிடும். எங்கே அது செவ்வகமாக இருப்பதை நிறுத்தியது?

பாக்தாதில் ஹாரூன் அல்-ரஷீதுக்கும் அவர் மகன் அல்-மாமூனுக்கும் என்று இரண்டு முறை அல்-ஹஜ்ஜாஜ் இந்நூலை அரபியாக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாத் நகரத்து அடிலார்ட் அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது சாய்சதுரத்துக்கு லத்தீனில் சொல் தேடிச் சிரமப்படவில்லை. அரபிச் சொல்லையே காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். அவருக்குப் பின் வந்த கம்பானஸ் அதையே பின்பற்றினார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலிருந்து வெனிசுக்குக் கடை போட வந்த அச்சுக்காரர் எர்ஹார்ட் ராட்டோல்ட் 1482இல் முதல் அச்சு யூக்ளிடை வெளியிட்டபோது, கம்பானஸின் பிரதியைத்தான் கோத்தார். ஆகவே ஐரோப்பாவின் முதல் அச்சு வடிவியல் புத்தகத்தில் சாய்சதுரத்துக்குப் பெயர் 'ஹெல்முவைம்'. கிரேக்கர்களிடமிருந்து கிளம்பியது அரபியில் உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. சொந்த ஊருக்கே அடையாளம் தெரியவில்லை.

இங்கிலாந்துக்கு இதை இழுத்து வந்தவர்களில் ஒருவர் மருத்துவர், இன்னொருவர் வியாபாரி. சமக்குறியைக் கண்டுபிடித்த மருத்துவர் ராபர்ட் ரெக்கார்டு 1551இல் எழுதிய நூலில், செவ்வகத்தை 'நீண்ட சதுரம்' என்றார். செவ்வகத்துக்குள் சதுரமா என்பது நம் சண்டை. அவரோ பெயரளவில் சதுரத்துக்குள் செவ்வகத்தைக் குடிவைத்துவிட்டார். அவருக்கு அடுத்து வந்த ஹென்றி பில்லிங்ஸ்லி லண்டனில் துணிமணி வணிகம் செய்து பணம் சேர்த்தவர், பின்னாளில் அந்நகரின் மேயரும் ஆனார். 1570இல் அவர் வெளியிட்ட முதல் முழு ஆங்கில யூக்ளிடில், கன உருவங்களுக்குக் காகிதத் துண்டுகளை ஒட்டி, மடித்து நிமிர்த்திப் பார்க்கும்படி செய்திருந்தார். பாப்-அப் புத்தகம்! துணி விற்றவருக்கு வாங்குபவர் மனம் தெரிந்திருந்தது.

கிழக்கே போனவையும் உண்டு. ரோமில் கிளாவியஸிடம் கணிதம் படித்த இயேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, ஆசிரியரின் யூக்ளிட் பதிப்பைச் சீனாவுக்கு எடுத்துச் சென்றார். அரசு அதிகாரி சூ குவாங்சியோடு சேர்ந்து முதல் ஆறு புத்தகங்களை 1607இல் சீனமொழியில் வெளியிட்டார். மீதியை முடிக்க 1857 வரை சீனா காத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங்கின் ஆதரவில் ஜகன்னாத சாம்ராட் 'ரேகாகணிதம்' என்ற பெயரில் யூக்ளிடைச் சமஸ்கிருதமாக்கினார். மூலம் கிரேக்கம் அல்ல, பாரசீகத்து நசீருத்தீன் தூசியின் அரபிப் பதிப்பு. பாஸ்கரரின் நாட்டுக்கே 'ஒதுக்கும்' வரையறை அரபி வழியாக வந்து சேர்ந்தது.

இப்போது தலைகீழாக்கியவரின் கதை. சார்லஸ் ஹட்டன் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் இளமையில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். படித்து முன்னேறி வுல்விச் இராணுவக் கல்விக்கூடத்தில் கணிதப் பேராசிரியரானார். ஸ்காட்லாந்தில் ஒரு மலையை அளந்த தரவுகளைக் கொண்டு பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டவர். அந்த வேலைக்காக வரைபடத்தில் சம உயரக் கோடுகளை வரைந்தவர். இப்படிப்பட்ட ஆள் 1795இல் வெளியிட்ட கணித அகராதியில், இரண்டு பக்கம் இணையாக இருந்தால் டிரபீசாய்ட், எதுவும் இணையாக இல்லாவிட்டால் டிரபீசியம் என்று மாற்றி அச்சிட்டுவிட்டார். பொசிடோனியஸ் சொன்னதற்கு நேர்மாறு. புத்தகம் புகழ்பெற்றது, பலரும் பார்த்து எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிரிட்டன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. ஹட்டனின் பாடநூலை வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் வைத்துப் படித்த அமெரிக்கா திரும்பவில்லை. நம் பள்ளியில் டிரபீசியம் என்று படித்த சரிவகம் நியூஜெர்சி பள்ளியில் டிரபீசாய்ட் ஆவது இதனால்தான். அங்கே குடியேறிய பெற்றோர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து விழிப்பதற்கு அந்தச் சுரங்கக்காரர் மகன் பொறுப்பு.

ஹட்டனின் அகராதிக்கு முந்தைய ஆண்டு, 1794. பாரிஸில் புரட்சி உச்சத்தில் இருந்தது. கில்லட்டின் ஓயாமல் இறங்கிய அந்த ஆண்டில் லெஜாண்ட்ர் தம் 'வடிவியல் கூறுகள்' நூலை வெளியிட்டார். யூக்ளிடின் இடத்தைப் பிடிக்க வந்த புதுமை நூல் அது. ஆனால் நம் கேள்வியில் புரட்சி ஏதுமில்லை: கோணங்கள் செங்கோணமாக இருந்து பக்கங்கள் சமமாக இல்லாததே செவ்வகம் என்று யூக்ளிடைவிட அழுத்தமாகவே எழுதினார். இதை 1822இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் கணக்கு வாத்தியாராக இருந்து எழுத்துக்கு வந்த ஒரு ஸ்காட்லாந்து இளைஞர். பெயர் தாமஸ் கார்லைல்! பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்ற அதே கார்லைல். அந்த ஆங்கிலப் பிரதியைத் திருத்தி வெஸ்ட் பாயின்ட்டின் சார்லஸ் டேவிஸ் 1828இல் தம் பெயரோடு வெளியிட, அமெரிக்கப் பள்ளிகளில் அது தலைமுறை தலைமுறையாக ஓடியது. பிரான்சில் பிறந்து, ஸ்காட்லாந்தில் வேற்றுமொழி பேசி, அமெரிக்காவில் காசு பார்த்த ஒதுக்கல் வரையறை.

ஒதுக்குவது ஏன் இவ்வளவு இயல்பாகப் படுகிறது? ஓட்டலில் தோசை கேட்டவருக்கு ஊத்தப்பத்தை வைத்துவிட்டு, இதுவும் தோசை வகைதான் என்று சர்வர் தத்துவம் பேசினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பேச்சில் நாம் எப்போதும் இருப்பதிலேயே குறிப்பான பெயரைச் சொல்கிறோம். சதுர மனையைச் 'செவ்வக மனை' என்று விளம்பரம் செய்யும் தரகர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பார்க்கப் போனவருக்கு எரிச்சல் வரும். நிரூபணத்தின் தேவை வேறு. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒருமுறை நிரூபித்தால் போதும், சதுரத்துக்கு மறுபடி எழுத வேண்டாம். ஒதுக்கும் கட்சிக்காரர் ஒவ்வொரு தேற்றத்தையும் இரண்டு தடவை எழுத வேண்டும், அல்லது யூக்ளிடைப் போலத் தம் வரையறையையே மறந்துவிட வேண்டும்.

1871இல் இங்கிலாந்தின் ஆசிரியர்கள் சிலர் வடிவியல் கற்பித்தலை மேம்படுத்த ஒரு சங்கமே தொடங்கினார்கள். யூக்ளிடை வரிவரியாக மனப்பாடம் செய்யும் கொடுமைக்கு எதிரான குரல் அது. புதுப் பாடநூல்கள் வந்தன. அவற்றில் 1903இல் வெளியான ஹால்–ஸ்டீவன்ஸ் 'ஸ்கூல் ஜியாமெட்ரி' இந்தியா முழுக்கப் பரவியது. நம் தாத்தாக்கள் படித்தது. அதில் செவ்வகம் என்பது ஒரு கோணம் செங்கோணமாக உள்ள இணைகரம், சதுரம் என்பது அடுத்துள்ள இரண்டு பக்கங்கள் சமமான செவ்வகம். மகள் கட்சிக்கு வெற்றி! ஆனால் சாய்சதுரத்துக்கு வந்தால், பக்கங்கள் சமம், கோணங்கள் செங்கோணமாக இருக்காது என்று பழைய வேலி அப்படியே நிற்கிறது. செவ்வகம் கதவைத் திறந்துவிட்டது, சாய்சதுரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. ஒரே பக்கத்தில் இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்த அந்த நூல், நடுவழியில் நின்ற காலத்தின் நல்ல சாட்சி.

அடுத்த உந்துதல் வானத்திலிருந்து வந்தது. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா தன் கணக்குப் பாடங்களைப் புரட்டிப் போட்டது. 'புதிய கணிதம்' என்ற பெயரில் கணங்களும் உட்கணங்களும் சின்ன வகுப்புகளுக்கே இறங்கின. வளையத்துக்குள் வளையமாக வென் படம் வரைந்தால், செவ்வக வளையத்துக்குள் சதுர வளையம் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதே 1957இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு தம்பதி ஆளுக்கொரு முனைவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்கள். பியேர் வான் ஹீல, டீனா வான் ஹீல-கெல்டோஃப். இருவருமே பள்ளி ஆசிரியர்கள். வடிவியலில் பிள்ளைகளின் சிந்தனை படிப்படியாக ஏறுகிறது என்றார்கள். முதல் படியில் குழந்தை தோற்றத்தைப் பார்க்கிறது. கதவு மாதிரி இருந்தால் செவ்வகம். அடுத்த படியில் பண்புகளைப் பட்டியலிடுகிறது. அதற்கும் அடுத்த படியில்தான் ஒரு பண்பு இன்னொன்றைக் கொண்டுவருகிறது என்பது பிடிபடுகிறது. அங்கேதான் சதுரம் செவ்வகமாகத் தெரியத் தொடங்கும். ஆசிரியர் மூன்றாம் படியில் நின்று பேச, பிள்ளை முதல் படியில் நின்று கேட்டால் இருவரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் பேச்சு சேராது. ஆய்வை முடித்துச் சிறிது காலத்திலேயே டீனா காலமானார். அவர்களுடைய வேலையை முதலில் கையில் எடுத்தது சோவியத் ஒன்றியம். 1960களில் அங்கே வடிவியல் பாடத்திட்டமே இதையொட்டித் திருத்தப்பட்டது. சோவியத் கல்வி ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருந்த சிகாகோ பேராசிரியர் ஐசாக் விர்சுப் 1974இல் அமெரிக்கர்களுக்கு இதை எடுத்துச் சொன்னார். டச்சுச் சரக்கு மாஸ்கோ சுற்றிக்கொண்டு சிகாகோ போய்ச் சேர்ந்தது.

சதுரத்தின் வழக்கு ஏறக்குறைய முடிந்தாலும் சரிவகத்தின் வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு ஜோடிப் பக்கம் இணை என்கிறோமே, ஒன்றே ஒன்றா, குறைந்தது ஒன்றா? ஒன்றே ஒன்று என்றால் இணைகரம் வெளியே. குறைந்தது ஒன்று என்றால் உள்ளே. அமெரிக்கப் பாடநூல்கள் இதில் இரண்டுபட்டுக் கிடக்கின்றன. என் ஓட்டு 'குறைந்தது' பக்கம். வளைகோட்டின் கீழுள்ள பரப்பைச் சரிவகத் துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் விதியைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஏதோ ஒரு துண்டில் இரண்டு உயரமும் சமமாகி அது செவ்வகமாகிவிட்டால் விதி வேலைநிறுத்தம் செய்வதில்லையே.

தோற்றவர்கள் ஒரேயடியாகத் தோற்கவில்லை. ஒதுக்கும் கட்சி யாரும் எதிர்பாராத இடத்தில், கணினி நிரலில், மறுபடி தலைதூக்கியது. 1987இல் ஒரு மாநாட்டு உரையில் பார்பரா லிஸ்காவ் ஒரு நிபந்தனையை முன்வைத்தார்: ஒரு வகையின் உள்வகை என்று எதைச் சொன்னாலும், மூலவகை நிற்கும் இடத்தில் அதை நிறுத்தினால் நிரலின் நடத்தை பிசகக் கூடாது. 1990களில் ராபர்ட் மார்ட்டின் இதற்கு எடுத்துக்காட்டாகச் சதுரத்தையும் செவ்வகத்தையும் பிடித்துக்கொண்டார். செவ்வகம் என்ற வகுப்பில் அகலத்தை மாற்ற ஒரு கட்டளை, உயரத்தை மாற்ற ஒரு கட்டளை. சதுரம் அதன் வாரிசு. ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறியாக வேண்டும். இப்போது யாரோ அகலம் 5, உயரம் 4 என்று வைத்துப் பரப்பு 20 வருகிறதா என்று சோதிக்கிறார். கையில் இருப்பது சதுரம் என்றால் 16 வரும். நிரல் உடைந்தது. சதுரம் செவ்வகமல்ல!

சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இது வழக்கமான கேள்வி. இதற்கு வழி கண்டவர்களும் இரண்டு கட்சிதான். சிலர் 'வடிவம்' என்ற பொதுத் தாயை வைத்து, செவ்வகத்தையும் சதுரத்தையும் தனித்தனிக் குழந்தைகளாக எழுதிவிடுகிறார்கள். பார்த்தால் லெஜாண்ட்ர் பாராட்டுவார். இன்னும் சிலர் அளவை மாற்றும் கட்டளைகளையே எடுத்துவிடுகிறார்கள். உருவம் பிறக்கும்போதே அதன் அளவு தீர்மானம்; வேறு அளவு வேண்டுமென்றால் புது உருவம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். காகிதத்தில் ஒருமுறை வரைந்த சதுரத்தின் பக்கத்தை யாரும் இழுத்து நீட்டுவதில்லை அல்லவா, அதே ஏற்பாடு. அப்படி எழுதப்பட்ட நிரலில் 5க்கு 4 சோதனைக்கு வேலையில்லை; சதுரத்தைச் செவ்வகத்தின் வாரிசாகப் பதிவுசெய்தாலும் எதுவும் உடைவதில்லை.